அருங்காட்சியகம் காணப் போகுமுன்



சில திங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் இராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது சரக்குக் கப்பல் ஒன்றில் பொறியாளராக இருக்கிறார். தம் கப்பல் பிரான்சு நாட்டின் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் தங்கும்போது ஒரு நாள் விடுப்புக் கிடைக்கும் என்றும், அன்று இரயிலேறிப் பாரிசு நகரத்துக்குச் சென்று லூவர் அருங்காட்சியகத்தைக் காண விரும்புவதாகவும் எழுதியிருந்தார். "ஐயா, எனக்கு இருப்பது ஒரே ஒரு பகல். அதற்குள் அவ்வளவு பெரிய மாளிகையை எப்படிப் பார்த்து முடிப்பது? தாங்கள்தாம் ஒரு திட்டம் வகுத்துத் தர வேண்டும்" என்பது அவருடைய வேண்டுகோள்.

நான் லூவரைக் கண்டவன் அல்லன். ஆயினும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் மாணவர்களை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றவன். அப்பயணங்களில் நான் செய்த பிழைகளே எனக்கு ஆசிரியர்கள் ஆயின. அவற்றைக் கொண்டு அவருக்கு எழுதிய விடையையே இன்று உங்களுக்கும் சொல்ல விழைகின்றேன்.

முதலில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1793ஆம் ஆண்டில் மக்களுக்குத் திறக்கப்பட்ட லூவரில் இன்று 30,000க்கும் மேற்பட்ட கலைப்பொருள்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் முன்னும் பத்தே வினாடி நிற்பதாகக் கொள்வோம். 30,000 பொருளுக்கு 3,00,000 வினாடி. அதாவது 83 மணி நேரத்துக்கு மேல். நாள்தோறும் ஒன்பது மணி நேரம் இடைவிடாமல் பார்த்தாலும் ஒன்பது நாள் போதாது. இதில் உணவு இல்லை, ஓய்வு இல்லை, ஒரு கூடத்திலிருந்து மற்றொரு கூடத்துக்கு நடக்கும் நேரமும் இல்லை. பத்து வினாடியில் ஒரு மனிதரின் முகத்தைக்கூட நாம் நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள முடியாது. ஆதலால் "பார்த்து முடிப்பது" என்ற எண்ணத்தையே முதலில் விட்டுவிடுமாறு அவருக்கு எழுதினேன். எவற்றைப் பார்க்காமல் விடுவது என்று துணிவதே திட்டத்தின் முதற்படி.

இந்த உண்மையை நான் இளமையிலேயே உணரவில்லை. 1988ஆம் ஆண்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஐம்பது பேரைப் பேருந்தில் ஏற்றி எழும்பூருக்கு அழைத்துச் சென்றேன். அங்கே ஆறு கட்டடங்களில் 46 காட்சிக்கூடங்கள் உள்ளன. அத்தனையையும் இரண்டரை மணி நேரத்தில் காட்டிவிட வேண்டும் என்பது என் திட்டம். கையில் கடிகாரம், வாயில் "நடங்கள், நடங்கள்" என்ற சொல். செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்தில் ஒரு மாணவன் மட்டும் பின்தங்கிவிட்டான். நடராசர் திருமேனி ஒன்றின் முன் குனிந்தும் நிமிர்ந்தும் எதையோ தேடிக்கொண்டிருந்தான். அவனுடைய தந்தை எண்ணூர்ப் பகுதியில் ஓர் இரும்பு வார்ப்பாலையில் வேலை செய்தவர். "ஐயா, இதில் ஒட்டுக் கோடே இல்லையே, எப்படி வார்த்தார்கள்?" என்று கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வண்டி காத்திருக்கிறது, வா" என்று அவன் தோளைப் பற்றி இழுத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் எல்லாரும் பயணக் கட்டுரை எழுதினார்கள். ஐம்பது கட்டுரையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன. திமிங்கிலத்தின் எலும்புக்கூடு பெரிதாக இருந்தது. பழைய வாள்கள் இருந்தன. மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம். அவ்வளவுதான். அந்த ஒரு மாணவனுடைய கட்டுரையிலும் அவன் கேட்ட வினா இல்லை. வினாவைக் கேட்டவனிடமிருந்தே அதைப் பறித்துவிட்டேன் என்று அன்று எனக்குப் புரிந்தது. அதன்பின் அவன் என்னிடம் எதையும் கேட்டதாக நினைவில்லை.

அந்த வினா எத்துணைச் சிறந்தது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரும்பு வார்ப்பாலையில் மணலை இரு பெட்டிகளில் இறுக்கி, இரு பாதியாக அச்சு அமைத்து, அவற்றைப் பொருத்தி, உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். இரு பாதியும் கூடும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று விழும். அதைத்தான் அவன் தேடினான். சோழர் காலத்துச் சிற்பிகள் கையாண்ட முறை வேறு. அவர்கள் முதலில் மெழுகினால் திருமேனியை முழுமையாகச் செய்தார்கள். அதன்மேல் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசி, உலர்த்தி, மீண்டும் மண் அப்பினார்கள். பிறகு அதனைச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் மெழுகு உருகி வெளியேறிவிடும். மெழுகு இருந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைத்து எடுத்தார்கள். அச்சு ஒன்றே, அதற்கு இரு பாதி இல்லை, ஆகவே ஒட்டுக் கோடும் இல்லை. அச்சை உடைத்துத்தான் திருமேனியை எடுக்க வேண்டுமாதலால், ஓர் அச்சில் ஒரு திருமேனிதான் பிறக்கும். ஒரு தொழிலாளியின் மகன் தானே கண்டு கேட்ட வினாவுக்குள் இத்தனை செய்தியும் அடங்கியிருந்தது. நான்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் சென்னை மக்கள் முற்காலத்தில் விலங்குக் காட்சிசாலையை "உயிர் காலேஜ்" என்றும், எழும்பூர் அருங்காட்சியகத்தைச் "செத்த காலேஜ்" என்றும் அழைப்பார்கள். 1851ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் தொடங்கி, 1854ஆம் ஆண்டில் எழும்பூருக்கு வந்த நிலையம் அது. இந்தியாவில் கல்கத்தா அருங்காட்சியகத்துக்கு அடுத்துப் பழமையானது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்பர் என்ற மருத்துவர். அந்தப் பெயரைக் கேட்டு நாம் சிரிக்கலாம். ஆனால் அதில் ஓர் உண்மை உண்டு. வினா இல்லாமல் நுழைபவனுக்கு அது செத்த காலேஜ்தான். ஒரே ஒரு வினாவுடன் நுழைபவனுக்கு அங்குள்ள கல்லும் செம்பும் விடை சொல்லத் தொடங்கிவிடும்.

இனித் திட்டத்துக்கு வருவோம்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு வினாவைத் தேர்ந்துகொள்ளுங்கள். பெரிய வினாவாக இருக்க வேண்டுவதில்லை. "உலோகத்தில் அசைவை எப்படிக் காட்டினார்கள்?" என்பது போதும். பிறகு அந்த வினாவுக்கு விடை தரக்கூடிய மூன்று பொருள்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். எழும்பூரில் திருவாலங்காட்டு நடராசர் ஒன்று. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் மற்றொன்று. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்திருமேனிக்குக் கைகள் மூன்றே. ஆண் பாதியில் இரண்டு, பெண் பாதியில் ஒன்று. வலப்புறத் தோளையும் இடப்புற இடையையும் மாறி மாறி நோக்குங்கள். இரு வேறு உடல்கள் ஒரே மூச்சில் நிற்பதைக் காண்பீர்கள். மூன்றாவதை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள். அது ஓவியமாக இருக்கலாம், நாணயமாகவும் இருக்கலாம்.

அடுத்தது, வீட்டருகே ஆயத்தம் செய்தல். திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயிலுக்கு நாம் எத்தனையோ முறை போயிருப்போம். கருவறையின் பின்புறம் நேராக இல்லாமல், படுத்திருக்கும் யானையின் முதுகு போல வளைந்திருப்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் கல்லால் கட்டப்பட்டது அது. எழும்பூரில் நாம் காணப்போகும் திருமேனிகளை வார்த்த கைகளும், நம் ஊரில் இக்கல்லை அடுக்கிய கைகளும் ஒரே காலத்தின் கைகள். அங்கே ஒரு மாலை பொறுமையாகச் சுற்றி வந்தவனுக்கு அருங்காட்சியகம் அயலிடமாகத் தோன்றாது.

மூன்றாவது, நாளும் நேரமும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. லூவருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதை அறியாமல் போய்ப் பூட்டிய கதவைக் கண்டு திரும்பியவர்கள் பலர். லூவருக்கு நுழைவுச் சீட்டையும் நேரத்தையும் முன்னதாகவே பதிவு செய்துகொள்வது நல்லது. எழும்பூருக்கு அத்தகைய தொல்லை இல்லை. விம்கோ நகரிலோ திருவொற்றியூரிலோ மெட்ரோ இரயிலேறி, சென்ட்ரலில் மாறினால் அடுத்த நிலையம் எழும்பூர். காலையில் மனமும் காலும் புதிதாக இருக்கும். எனவே திறந்தவுடனே உள்ளே செல்லுங்கள்; தேர்ந்தெடுத்த மூன்றையும் முதலிலேயே பாருங்கள். வழியில் மற்றவை அழைக்கும். "பிறகு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு நடவுங்கள்.

நான்காவது, காணும் முறை. அருகிலுள்ள குறிப்புப் பலகையை உடனே படித்துவிடாதீர்கள். முதல் ஐந்து நிமிடம் கண்ணுக்கே உரியது. முன்னிருந்து பாருங்கள், பக்கத்திலிருந்து பாருங்கள், இயலுமாயின் பின்னே சென்றும் பாருங்கள். உடலின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது? எந்தப் பகுதி தேய்ந்துள்ளது? எது இப்போது இல்லை? திருவாலங்காட்டு நடராசருக்குச் சுற்றிலும் இருக்க வேண்டிய திருவாசி இன்று இல்லை. அது இல்லாமலே ஆட்டம் நிறைந்திருக்கிறதே, அது எப்படி என்று எண்ணுங்கள். பிறகு பலகையைப் படியுங்கள். கையில் ஒரு பென்சிலும் தாளும் இருக்கட்டும். ஓவியம் வரத் தெரியாவிட்டாலும் வரையுங்கள். வரையும்போதுதான் கண் உண்மையாகவே பார்க்கிறது.

இவ்வாறு காண்பதன் பயனுக்கு ஒரு சான்று சொல்வேன். பாரிசு நகரத்தில் வாழ்ந்த ஆகுஸ்த் ரோடின் புகழ்பெற்ற சிற்பி. அவருக்கு நம் சென்னை அருங்காட்சியகத்து நடராசர் திருமேனிகளின் நிழற்படங்கள் கிடைத்தன. திருவாலங்காட்டு நடராசரும் அவற்றுள் ஒருவர். அப்படங்களைக் கூர்ந்து நோக்கி, சிவபெருமானின் ஆடலைப் போற்றி 1913ஆம் ஆண்டளவில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அவர் மறைந்தபின் 1921இல் அது அச்சில் வெளிவந்தது. அவர் சென்னைக்கு வந்ததில்லை. திருமேனியை நேரில் கண்டதுமில்லை. படத்தின் முன் பொறுமையாக அமர்ந்தார், அவ்வளவே. அரை மணி நேரப் பயணத் தொலைவில் இருந்துகொண்டு அதைக் காணாமல் இருக்கும் நாம் அவருக்கு என்ன விடை சொல்வோம்?

மற்றொரு செய்தியும் உண்டு. கிருட்டிணை ஆற்றங்கரையில் அமராவதி என்னும் ஊரில் பழைய பௌத்தத் தூபி ஒன்று இருந்தது. அங்கே 1845ஆம் ஆண்டில் வால்டர் எலியட் என்ற அதிகாரி அகழ்ந்தெடுத்த சிற்பக் கற்கள் சென்னைக்கு வந்தன. 1859ஆம் ஆண்டில் அவற்றுள் ஒரு பகுதி கப்பலேறி இலண்டனுக்குச் சென்றது. அக்காலத்தில் சென்னைக்கு இன்றுள்ள துறைமுகம் கிடையாது. மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து கப்பலுக்குச் சரக்குக் கொண்டுபோவார்கள். அக்கற்கள் 1880ஆம் ஆண்டில் பிரிட்டிசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. இன்று ஒரே தூபியின் ஒரு பங்கு இலண்டனிலும் மற்றொரு பங்கு எழும்பூரிலும் இருக்கின்றன. எழும்பூரைக் காணாமல் இலண்டனுக்குச் செல்பவர் அங்கே ஒரு கதையின் நடுப்பக்கத்தை மட்டும் படிக்கிறார். ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குச் செல்லும் வழி நமக்கு எழும்பூர் வழியாகவே செல்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

என் மாணவருக்கு இவற்றையெல்லாம் எழுதி, "லூவரில் மூன்றே பொருள்களைப் பார், மற்றவற்றை விட்டதற்காக வருந்தாதே" என்று முடித்தேன். அவர் அனுப்பிய மறுமொழி சுருக்கமானது. "ஐயா, மூன்று என்று போனேன், இரண்டோடு பொழுது போய்விட்டது. ஊருக்கு வந்ததும் எழும்பூருக்குப் போக வேண்டும். பள்ளியில் படித்தபோது பார்த்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்."

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை பாரிசுக்கும் இலண்டனுக்கும் போவீர்கள். பலர் போகாமலும் இருக்கலாம். யாராயினும் வருகின்ற ஞாயிற்றுக்கிழமை எழும்பூருக்குப் போகலாம். மீண்டும் அடுத்த மாதமும் போகலாம். அங்கே உங்களுள் ஒருவர் ஏதேனும் ஒரு திருமேனியின் முன் பின்தங்கி நின்றால், உடன் வந்த ஆசிரியர்களே, பெற்றோர்களே, அவரை இழுக்காதீர்கள். வண்டி சற்றே காத்திருக்கட்டும்.