கூப்பிட்டும் கேளாத பத்துச் செக்கன்

(எமது சங்கத்தின் பெற்றோர் ஒன்றுகூடலில் ஒரு தகப்பன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மேடையில் பேசிப் பழகியவன் அல்ல. ஊரில் ஏ.எல். வரைக்கும் படித்துவிட்டு, இங்கே சுவிசில் பிஸ்கட் பக்டரியில் பெல்ற்றடியில் நிற்கிறவன். வைத்தியம் படித்தவனும் அல்ல. என்ரை மகளுக்கு வந்த வருத்தத்தைப் பற்றி இரண்டு வருசமாக டொக்டரிடம் கேட்டுக் கேட்டு அறிந்ததைச் சொல்லும்படி ஆசிரியை கேட்டுக்கொண்டா. நான் செய்த பிழையை நீங்கள் செய்யக்கூடாது என்பதாலும் வந்தேன்.

மகளுக்கு அப்போது 6 வயது. சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை கரண்டி வாய்க்குக் கிட்டப் போய் அப்படியே நிற்கும். கண் ஒரே இடத்தில் நிற்கும். கூப்பிட்டால் பதில் இல்லை. பத்துச் செக்கனில் ஒன்றும் நடவாதது போல மிச்சத்தைச் சாப்பிடுவாள். நான் இரவு வேலை முடிந்து நித்திரை இல்லாமல் வருகிறவன். "அப்பா கூப்பிடுறது காதில விழேல்லையோ?" என்று ஏசினேன். ஒருநாள் அடித்தும் விட்டேன். எதற்கு அடி விழுந்தது என்றே தெரியாமல் பிள்ளை என்னைப் பார்த்தது.

கண்டுபிடித்தது எங்கள் தமிழ்ப் பாடசாலை ஆசிரியைதான். சொல்வதெழுதல் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினா. வசனத்தின் தொடக்கம் சரி, முடிவு சரி, நடுவில் மூன்று நாலு சொல்லைக் காணேல்லை. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. "தெரியாத பிள்ளையெண்டால் பிழையா எழுதும். இவள் அந்த நேரம் இஞ்சை இல்லை" என்றா. பெல்ற்றடியில் நிற்கிறவனுக்கு அது உடனே விளங்கியது. பத்துச் செக்கன் கண்ணை எடுத்தால் அந்தப் பெட்டிகள் போனது போனதுதான்.

டொக்டர் ஒரு காற்றாடியைக் குடுத்து மூன்று நிமிசம் ஊதச் சொன்னார். ஊதிக்கொண்டிருக்கேக்கையே எங்கள் கண்முன்னால் அது வந்தது. (வீட்டில் நீங்கள் இப்படிச் செய்து பார்க்க வேண்டாம்.) பிறகு தலையில் வயர் ஒட்டி ஈ.ஈ.ஜி. எடுத்தார்கள். நோவு ஒன்றும் இல்லை. மூளையின் மின்னலை செக்கனுக்கு மூன்று தரம் கூராக எழும்பியது தெரிந்தது. வலிப்பில் ஒரு வகையாம், 'அப்சன்ஸ்' என்று பெயர். பள்ளிக்கூட இடாப்பில் 'அப்சன்ற்' போடுவோமே, அந்தச் சொல்தான்.

வலிப்பு என்றவுடன் மனைவி அழுதா. எங்களுக்குத் தெரிந்த வலிப்பு, விழுந்து கைகால் அடிக்கிறது, இரும்பைக் கையில் குடுக்கிறது. இதில் பிள்ளை விழாது. கூடுதலாக 4 முதல் 10 வயதுக்குள் தொடங்கும். ஒரு நாளில் பத்து இருபது தரம், சிலருக்கு அதைவிடக் கூடவும் வரும்.

பராக்குப் பார்க்கிற பிள்ளையைத் தொட்டால் திரும்பும். இது தொட்டாலும் திரும்பாது. விளையாட்டின் நடுவிலும், கதைக்கிற வசனத்தின் நடுவிலும் வரும். கண் இமை துடிக்கலாம், வாய் மெல்லலாம். சந்தேகம் என்றால் போனில் படம் பிடித்து டொக்டருக்குக் காட்டுங்கோ. அந்த நேரம் உலுப்பவும் வேண்டாம், தண்ணி பருக்கவும் வேண்டாம். பக்கத்தில் நின்று, முடிந்ததும் விட்ட இடத்தைத் திருப்பிச் சொல்லுங்கோ. ஐந்து நிமிசத்துக்கு மேல் நீடித்தால் 144க்கு அடியுங்கோ.

மகளுக்குக் குடுத்தது எதோசக்சிமைட். மூன்று மருந்துகளை ஒப்பிட்டு 2010இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்விலும் இது நன்றாக வேலை செய்தது, பிள்ளையின் கவனத்தைக் குழப்புவதும் குறைவு. முதல் கிழமைகளில் வயிற்றுநோ இருந்தது, சாப்பாட்டோடு குடுக்கச் சரிவந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கோ: வேறு வகை வலிப்புக்குக் குடுக்கிற கார்பமசெபின் இந்த வகையைக் கூட்டிவிடும். ஆகவே சொந்தக்காரரின் குளிசையை ஊரிலிருந்து எடுப்பித்துக் குடுக்காதேங்கோ. சுகமாகிவிட்டது என்று திடீரென நிப்பாட்டவும் வேண்டாம்.

ஊரிலிருந்து பெரியம்மா போனில் சொன்னா: "வெளியில சொல்லிப்போடாதை தம்பி, நாளைக்குக் கலியாணம் பேசேக்கை கதை வரும்." நானும் ஒரு மாதம் மறைத்தேன். அந்த மாதம்தான் பள்ளிக்கூடத்தில் நீச்சல் தொடங்கியது. தண்ணீருக்குள் பத்துச் செக்கன் என்று நினைத்ததும் அன்று வேலைக்குப் போகாமல் வகுப்பு ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். இப்போது நீந்தும்போது ஒருவர் அவளையே பார்த்துக்கொண்டு நிற்பார். வீட்டில் குளிக்கும்போது கதவு பூட்டுவதில்லை, றோட்டுக் கடக்கும்போது கையை விடுவதில்லை. பெரியம்மாவுக்கும் விளங்கப்படுத்தினேன். அரைவாசிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பதின்ம வயதில் இது நின்றுவிடும். நிற்காவிட்டாலும் அவள் என்ரை மகள்தான்.

அடித்ததற்கு மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அது ஞாபகமே இல்லையாம். எனக்கு இருக்கிறது.

போன கிழமை கொப்பியைப் பார்த்தேன். நடுவில் வெறும் இடம் ஒன்றும் இல்லை. எழுத்துப்பிழை மட்டும் ஏழு. அதற்கு மருந்து ஆசிரியையிடம்தான் கேட்க வேண்டும்.