பந்து வேண்டும், பாலு வேண்டாம்
(பத்தமடையில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மைதானத்தில் சாதி இல்லை, திறமைதான் பேசும் என்கிறார்கள். கிரிக்கெட்டின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

இங்கிலாந்தில் 1744இல் இந்த ஆட்டத்துக்கு விதிகள் எழுதப்பட்டன. 1787இல் எம்.சி.சி. கிளப் உருவானது. விதி வகுத்தவர்கள் பிரபுக்களும் பணக்காரர்களும். 1806இல் தொடங்கி 1962 வரை அங்கே ‘ஜென்டில்மேன்’, ‘பிளேயர்ஸ்’ என்று இரண்டு அணிகள் மோதின. முதலாவது, சம்பளம் வாங்காத கனவான்கள். இரண்டாவது, கூலிக்கு ஆடியவர்கள். ஒரே நாட்டுக்காரர்கள்தான். ஆனால் உடை மாற்றத் தனி அறை, மைதானத்தில் இறங்கத் தனி வாசல். மட்டை பிடிப்பது கனவான்களின் பெருமை. வியர்க்க வியர்க்கப் பந்து வீசுவது பெரும்பாலும் கூலிக்காரர் வேலை.

அந்த வர்க்க ஆட்டம் இங்கே வந்து சாதியோடு கைகோத்தது.

பல்வங்கர் பாலு சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளையர் கிளப்பில் மாதம் 4 ரூபாய்க்கு மைதான வேலை பார்த்தார். அவர்களுக்கு மணிக்கணக்கில் பந்து வீசினார். மட்டை பிடிக்க ஒரு வாய்ப்பும் தரவில்லை. இந்து அணிக்கு அவருடைய பந்து தேவைப்பட்டது, சேர்த்துக்கொண்டார்கள். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் மட்டும் அவருக்குப் பெவிலியனுக்கு வெளியே, தூக்கி எறியும் மண்குவளையில்.

1911 இங்கிலாந்துப் பயணத்தில் பாலு எடுத்தது 114 விக்கெட். அணியின் கேப்டன் பாட்டியாலா மகாராஜா. ஊர் திரும்பிய பிறகும் இந்து அணியின் கேப்டன் பதவி பாலுவுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 1920இல் அவருடைய தம்பிகள் விட்டலும் சிவராமும் ஆட மறுத்து வெளியேறினார்கள். அதற்குப் பிறகுதான், 1923இல், விட்டல் கேப்டன் ஆனார்.

அதே காலத்தில்தான் பக்கத்துச் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயரின் குருகுலம் நடந்தது. தேசியக் கல்வி என்று காங்கிரஸ் பணம் கொடுத்தது. அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்து நின்றார்கள். புனேயின் மண்குவளையும் சேரன்மாதேவியின் தனிப்பந்தியும் ஒரே சனாதனம்தான்.

பாலுவின் திறமையில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. திறமை மட்டும் கதவைத் திறக்கவில்லை. ஆட மறுத்தது திறந்தது.

இன்றும் நெல்லைச் சீமையில் பள்ளிப் பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். அடுத்த முறை நீங்கள் அணி பிரிக்கும்போது, எந்தத் தெருப் பையன்கள் அழைக்கப்படவில்லை என்று பாருங்கள். அழைத்திருந்தால், கேப்டன் யார் என்று பாருங்கள். தண்ணீர்ப் பாட்டில் யார் கைக்குப் போகாமல் திரும்பி வருகிறது என்று பாருங்கள். அதைக் கேட்காமல் டாஸ் போடாதீர்கள்.