முகம் மாறாத நகை



நகையை அற்பமாக எண்ணியவர்கள் அல்லர் தமிழர். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது நகையையே முதலில் வைத்தார். அந்நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்றும் கூறினார். இவற்றுள் மடன் என்பது, பிறர் உரைத்ததை ஆராயாது ஏற்று, ஏற்றதை விடாது பற்றியிருத்தல். சொல்பவரிடம் எள்ளலும் கேட்பவரிடம் மடனும் கூடும்போது பிறக்கின்ற ஒருவகை நகை உண்டு. சொல்பவர் முகத்தில் சிரிப்பின் சாயலும் இராது. அதனைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

இலங்கை வானொலி நேயர்களுக்கு நகைச்சுவை புதிதன்று. வர்த்தக சேவையில் ஒலித்த ‘கோமாளிகளின் கும்மாளம்’ தொடரை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மரிக்காராக ராம்தாஸும், அப்புக்குட்டியாக ராஜகோபாலும், உபாலியாகச் செல்வசேகரனும், ஐயராக அப்துல் ஹமீட்டும் நடித்த அத்தொடர், 1976இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் வெளிவந்தது. இந்நாட்டின் பேச்சுவழக்குகள் ஒன்றோடொன்று உரசும்போது எழும் ஒலியே அங்கே நகைக்கு ஊற்றாக இருந்தது. வாய் திறந்த கணத்திலேயே, இது வேடிக்கை என்று நம் காது அறிந்துகொள்ளும்.

நான் குறிப்பிடும் நகையோ தன்னை இன்னதென்று சொல்லிக்கொள்ளாது. கைத்தொலைபேசியில் கேட்கும் ‘பொட்காஸ்ட்’ எனப்படும் ஒலிநிகழ்ச்சிகளில், அது தொழில்துறை விவரண நிகழ்ச்சியின் ஆடையை அணிந்து வருகிறது. உற்பத்தி, சந்தை நிலவரம், நிபுணர் பேட்டி என யாவும் முறைப்படி அமைந்திருக்கும். பேசப்படும் பொருள் மட்டும் நகைப்புக்குரியதாக இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். உளுந்து வடையின் நடுவிலுள்ள துவாரத்தை ஏற்றுமதி செய்யும் தொழிலைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. வெள்ளவத்தைத் துவாரத்துக்கும் கொட்டாஞ்சேனைத் துவாரத்துக்கும் தரத்தில் உள்ள வேறுபாட்டை ஒரு நிபுணர் விளக்குகிறார். வடையின்றித் துவாரத்தை மட்டும் கப்பலில் ஏற்றுவதில் உள்ள இடர்ப்பாட்டை வணிகர் ஒருவர் முறையிடுகிறார். அறிவிப்பாளர் பெருமூச்சுடன், “அரசாங்கம் இதனைக் கவனத்தில் எடுக்குமா?” என்று வினவுகிறார். ஒருவரும் சிரிப்பதில்லை. சிரிக்கும் உரிமை முழுவதும் நமக்கே விடப்பட்டுள்ளது.

இந்நகையின் புகழ்பெற்ற முன்னோடியை உலகம் 1957ஆம் ஆண்டில் கண்டது. அவ்வாண்டு ஏப்ரல் முதலாம் திகதி, பி.பி.சி.யின் ‘பனோரமா’ என்னும் மதிப்புமிக்க தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஏறக்குறைய மூன்று நிமிட நேரம் ஒரு வேளாண்மை விவரணம் இடம்பெற்றது. சுவிற்சர்லாந்தின் தென்பகுதியில் ஸ்பகெற்றி மரங்களிலே அறுவடை நடைபெறுவதாக அது கூறிற்று. இடியப்ப இழை போன்ற ஸ்பகெற்றியை, பெண்கள் கிளைகளிலிருந்து பறித்து, வெயிலில் உலர்த்தும் காட்சியும் காட்டப்பட்டது. குளிர்காலம் கடுமையாக இராமையாலும், ஸ்பகெற்றி வண்டின் தொல்லை நீங்கியமையாலும் விளைச்சல் சிறந்தது என்று விளக்கம் தரப்பட்டது. எல்லா இழைகளும் ஒரே நீளமாக இருப்பது பல்லாண்டுகளாகப் பயிர் வளர்ப்போர் ஆற்றிய உழைப்பின் பயன் என்றும் சொல்லப்பட்டது.

ஸ்பகெற்றி அந்நாளில் பிரித்தானியர் பலருக்குப் பழக்கமில்லாத உணவு. நூற்றுக்கணக்கானோர் தொலைபேசியில் அழைத்தனர். இது மெய்யா என்று கேட்டோரும் இருந்தனர். அம்மரத்தை வளர்ப்பது எப்படி என்று கேட்டோரும் இருந்தனர்.

அவர்களை மூடர் என்று நாம் இகழலாகாது. அவர்கள் நம்பியது ஸ்பகெற்றி மரத்தையன்று, ஒரு குரலை. விவரணத்தைப் படித்தவர் ரிச்சர்ட் டிம்பிள்பி. 1953இல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவைத் தொலைக்காட்சியில் வருணித்த குரல் அது. வண்டின் பெயர், பருவநிலை, பயிர்முறை என்னும் விவரங்கள் அக்குரலில் வந்தபோது, மரம் உண்டா என்னும் முதல் வினாவே மறைந்துபோயிற்று. நம்மிடத்தும் இதே இயல்பு உண்டு. புள்ளிவிவரமும் கலைச்சொல்லும் நிதானமான குரலும் ஒருங்கே வந்தால், பொருளை ஆராயும் முன்னரே தலையசைத்துவிடுகிறோம். முகம் மாறாத நகை அத்தலையசைப்பையே எள்ளுகிறது.

அவ்வாறாயின் நகைக்கும் பொய்க்கும் வேறுபாடு யாது? டிம்பிள்பி அன்றிரவு விடைபெறும்போது, அது ஏப்ரல் முதலாம் நாள் என்பதைச் சொல்லியே விடைபெற்றார். நல்ல நகை பூட்டைப் பூட்டினாலும் சாவியை வாசலிலே வைத்துவிட்டுப் போகும். பொய் சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

இவ்வேறுபாட்டைக் கொழும்பில் வாழும் நாம் பெருவிலை கொடுத்து அறிந்தவர்கள். 1983 யூலை 29, வெள்ளிக்கிழமை, நகருக்குள் புலிகள் புகுந்துவிட்டனர் என்றொரு வதந்தி பரவியது. அன்று மீண்டும் தமிழர் உயிர்கள் பறிக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21இல், கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் பிற இடங்களிலும் குண்டுகள் வெடித்தன. பொய்ச்செய்தி பரவுதலைத் தடுக்கும் பொருட்டு, அன்றே அரசு சமூக வலைத்தளங்களைத் தற்காலிகமாக முடக்க நேர்ந்தது. ஆராயாது ஏற்கும் மடன் ஸ்பகெற்றி மரத்தின் முன் நின்றால் நகை பிறக்கும். அதே மடன் அச்சமுற்ற நகரத்தில் நின்றால் அழுகை பிறக்கும். தொல்காப்பியர் நகையை அடுத்து அழுகையை வைத்தது இவ்விடத்து நினைக்கத்தக்கது.

ஆதலால் பெற்றோருக்கும் என்னோடொத்த ஆசிரியர்களுக்கும் ஒன்று கூற விரும்புகிறேன். இத்தகைய நகைச்சுவை நிகழ்ச்சிகளைக் காலத்தை வீணாக்குவன என்று தள்ளிவிடாதீர்கள். பிள்ளைகளுடன் அமர்ந்து ஒன்றைக் கேளுங்கள். முடிந்ததும், “எந்த வாக்கியத்தில் உனக்கு ஐயம் பிறந்தது?” என்று கேளுங்கள். ஒரு பிள்ளை முதல் வாக்கியத்தைச் சொல்லும், மற்றொன்று இறுதி வாக்கியத்தைச் சொல்லும். ஏன் என்று அவர்கள் தமக்குள் வாதாடட்டும். அவ்வாதம் அளவையியல் பாடமாகவும் அமையும், சிரிப்பாகவும் அமையும். அப்பயிற்சி பெற்ற பிள்ளை, நாளை நள்ளிரவில் கைத்தொலைபேசிக்கு வரும் ஒரு குரற்பதிவைப் பிறருக்கு அனுப்புமுன் ஒரு கணம் தயங்கும். நிதானமான குரலில் வந்தது என்பதற்காக மட்டும் அதை நம்பிவிடாது.

நேயர்களே, இவ்வளவு நேரமும் நானும் நிதானமான குரலிலேயே பேசியிருக்கிறேன். வடைத் துவாரத்துக்கு ஏற்றுமதிச் சந்தை இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லி விடைபெறுகிறேன். ஏனையவற்றை நீங்களே ஆராய்ந்து கொள்ளுங்கள்.