குடிமதிப்பும் தமிழர் கடமையும்

(கறம்பக்குடியில் நடைபெற்ற மொழிகாப்புக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



இவ்வூரின் பெயரிலேயே ‘குடி’ என்னும் சொல் நிற்கின்றது. அண்டையிலுள்ள ஆலங்குடியிலும் அச்சொல்லே நிற்கின்றது. குடி என்பது ஒரு வீட்டாரைக் குறிக்கும். அவ்வீட்டார் வாழும் ஊரைக் குறிக்கும். ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் குறிக்கும். அக்குடிகளை எண்ணிக் கணக்கிடும் பணிக்குக் ‘குடிமதிப்பு’ என்னும் அழகிய சொல் தமிழில் உண்டு. எண்ணி அளவிடுதலும் மதிப்பே. ஒருவரைப் பொருட்டாகக் கருதுதலும் மதிப்பே. மதிக்கத்தக்கவரையே எண்ண வேண்டும் என்பதும், எண்ணப்பெற்றவரே மதிக்கப்பெறுவர் என்பதும் அவ்வொரு சொல்லிலேயே அடங்கிவிட்டன. இத்தகு சொல்லை வைத்துக்கொண்டு, முந்தைய தலைமுறையினர் ‘கானேசுமாரி’ என்றனர். அது ‘வீட்டெண்ணிக்கை’ எனப் பொருள்படும் பாரசீகச் சொல். அதன்பின் வந்தவர் ‘சென்சசு’ என்கின்றனர். ஈழத்திலோ அரசின் கணக்கெடுப்புத் துறைக்கே ‘தொகைமதிப்பு’ என்னும் தமிழ்ப்பெயர் வழங்குகின்றது. சொல்லை இழந்த தமிழ்நாட்டார், அச்சொல் உணர்த்தும் பொருளையும் இழந்து வருகின்றனரோ என்பதே இன்று எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

குடிமதிப்பு எடுக்க வருவோர் யாவர்? அவர் வானிலிருந்து இறங்கி வருவோர் அல்லர். பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்களே. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியா முழுமையும் ஏறத்தாழ 27 இலக்கம் பேர் இப்பணியில் இறங்கினர். ஒவ்வொருவர் பங்கிலும் ஏறத்தாழ 700 மக்கள் அடங்கினர். பெப்புருவரி 9 முதல் 28 வரை வீடுவீடாக நடந்து, 28-ஆம் நாள் இரவில் பேருந்து நிலையத்திலும் கோயில் மண்டபத்திலும் சாலையோரத்திலும் படுத்துறங்கிய வீடற்றோரை எண்ணினர். நாட்டில் வேறெவரும் ஒரு பொருட்டாகக் கருதாத அம்மக்களைத் தேடி, இரவில் ஏடும் கையுமாகச் சென்றவர் அக்கணக்கெடுப்பாளர் ஒருவரே!

அவரைத் தமிழ்க்குடிகள் எதிர்கொள்ளும் முறை யாது? ‘நாளை வா’ என்பார் ஒருவர். கதவைத் திறவாமலே ‘வீட்டில் ஆளில்லை’ என்பார் மற்றொருவர். ‘எழுதி என்ன ஆகப் போகின்றது? உமக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளும்’ என்பார் படித்தவர். நாயை அவிழ்த்து விட்டுவிட்டு நகைப்பாரும் உளர். வந்தவர் என்ன சாதி என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பின்னரே திண்ணையில் அமர வைப்பதா, தெருவில் நிறுத்துவதா என்று முடிவு செய்யும் கீழ்மையும் இந்நாட்டினின்று நீங்கிவிடவில்லை. வெயிலில் நிற்கும் ஆசிரியைக்கு ஒரு குவளை நீர் தர மனமில்லாத வீட்டார், தம் பிள்ளைக்கு எழுத்தறிவித்தவர் அவரே என்பதை மறந்துவிடுகின்றனர். மறுபுறம், சேரித்தெருவைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்து, ஒருவரைக் கேட்டே பத்து வீட்டுக் கணக்கையும் முடித்துவிடும் கணக்கெடுப்பாளரும் இல்லாமலில்லை. இருவர் செய்வதும் ஒரே பிழைதான். மாந்தரை மதியாமையே அப்பிழை.

‘எண்ணி என்ன பயன்?’ என்று கேட்போர்க்கு இப்புதுக்கோட்டை மண்ணே விடை சொல்லும். 1948-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் வரை தொண்டைமான் மன்னர்தம் ஆட்சிக்குட்பட்ட தனியரசாக இருந்த மண் இது. 1871-ஆம் ஆண்டுக் கணக்கில் இவ்வரசின் மக்கள்தொகை 3,16,695. பத்தாண்டு கழித்து 1881-இல் எண்ணியபோது 3,02,127. பத்தாண்டுப் பிறப்பனைத்தையும் விழுங்கியபின், மேலும் 14,568 பேரைக் காணோம்! 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது ஆண்டுப் பஞ்சம் அவ்விடைவெளியில்தான் நிகழ்ந்தது. மீண்டும், 1921-இல் 4,26,813-ஆக இருந்த தொகை, 1931-இல் 4,00,694-ஆக இறங்கிற்று. ஈழத்துத் தேயிலை மலைகளுக்கும் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கும் தமிழுழைப்பாளர் பெயர்ந்து சென்ற காலம் அது. பசியால் மடிந்தவர்க்கும் கப்பலேறிப் போனவர்க்கும் நடுகல் நாட்டுவார் எவருமில்லை. இவ்வெண்ணிக்கையே அவர்க்கு எஞ்சிய நடுகல்! அதனை நாட்டியவர், பெரும்பாலும் கூலியே பெறாமல் ஊரூராக நடந்த அக்காலக் கணக்கெடுப்பாளர்.

தொலைவில் போவானேன்? 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியலில் வீசிய கசாப் புயலை இப்பகுதி மக்கள் மறந்திரார். பிள்ளையைப் போல் வளர்த்த தென்னைகள் வேரோடு சாய்ந்தபோது, ‘என் தோப்பில் இத்தனை மரம் வீழ்ந்தன, எழுதிக்கொள்ளுங்கள்’ என்று கணக்கெடுக்க வருவோரை எதிர்நோக்கி நின்றவர் எத்தனை பேர்! அவர்கள் வரக் காலந்தாழ்ந்தது என்பதற்காக மூண்ட சினத்தையும் இம்மாவட்டம் கண்டது. வீழ்ந்த மரத்தை எண்ண வரவில்லையே என்று சினந்தவர், வாழும் மாந்தரை எண்ண வரும்போது கதவடைப்பது எவ்வகை அறிவுடைமை?

எனினும், மக்களின் அச்சம் முழுதும் அறியாமையன்று. வெள்ளையன் ஆட்சியில், கணக்கெடுப்பு என்றால் புதுவரி வரும், ஆள்பிடிப்பு வரும் என்று மக்கள் அஞ்சினர். 1881-இல் சந்தாலப் பழங்குடியினர் எண்ணப்பெற மறுத்துக் கிளர்ந்தனர். 1931-இல் பேராயக் கட்சியே கணக்கெடுப்பைப் புறக்கணிக்கச் சொல்லிற்று. அயலான் கையிலுள்ள ஏட்டை அடிமைப்பட்ட குடி ஐயுறுவது இயல்பே.

அவ்வையம் பொய்யன்று என்பதற்கு ஈழத்து மலையகமே சான்று. புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி முதலாய பகுதிகளிலிருந்து சென்று, காட்டைத் திருத்தித் தோட்டமாக்கிய தமிழரை, 1911-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ‘இந்தியத் தமிழர்’ என்று தனிப் பெயரிட்டு, ஏனைத் தமிழரினின்று பிரித்து எண்ணிற்று. ஏட்டில் கிழித்த அக்கோடு ஏட்டோடு நிற்கவில்லை. 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கிற்று. 1964 அக்தோபர் 30-ஆம் நாள் சிறிமாவோவும் சாத்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையில், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்க்கலாம் என்று, மூட்டைகளைப் பங்கிடுவது போல் தமிழ்க்குடிகளைப் பங்கிட்டனர். அம்மக்களை ஒருசொல் கேட்டாரில்லை. எண்ணுதல் மதித்தலாக வேண்டியிருக்க, அங்கு எண்ணுதலே வெட்டுக்கத்தியாயிற்று.

ஆகலின், கதவைத் திறவுங்கள் என்று சொல்வதோடு கண்ணையும் திறவுங்கள் என்று சொல்லியாக வேண்டும். குடிமதிப்பு ஒன்று, குடியுரிமையை ஆராயும் பதிவேடு மற்றொன்று. குடிமதிப்பு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எடுக்கப்படுவது. அச்சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, ஒருவர் தந்த விடைகளைப் பிறர் எவரும் பார்வையிட உரிமையில்லை. அவற்றை வழக்குமன்றத்தில் அவருக்கெதிரான சான்றாகக் காட்டவும் இயலாது. விடை கூற மறுப்போர்க்கு 1,000 உரூபா வரை தண்டம் உண்டு. கேட்டறிந்த செய்தியை வெளியிடும் அலுவலர்க்கும் ஒறுப்பு உண்டு. கணவன் பெயரைச் சொல்லும் வழக்கமில்லாத பெண்ணை அப்பெயரைச் சொல்லுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது என்றுகூட அச்சட்டத்தின் 8-ஆம் பிரிவு கூறுகின்றது. ‘தேசிய மக்கள்தொகைப் பதிவேடு’ எனப் பெயரிடப்பெற்றதோ 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தையும் 2003-ஆம் ஆண்டு விதிகளையும் சார்ந்தது. 2010-இல் வீட்டுக்கணக்கோடு சேர்த்தே அதற்கும் செய்தி திரட்டினர். 2020-இல் மீண்டும் அவ்வாறே செய்ய முனைந்தபோது நாடெங்கும் எழுந்த எதிர்ப்பு முறையானதே.

ஆனால், எதிர்ப்பு எவர்மேல் பாய வேண்டும்? 2020 சனவரியில் மேற்கு வங்கத்து வீர்பூம் மாவட்டத்தில், கணக்கெடுப்போடு தொடர்பே இல்லாத வேறொரு பணிக்காகச் செய்தி திரட்டிய ஓர் இளம்பெண்ணின் வீடு, அப்பதிவேட்டுக்காரர் என்னும் ஐயத்தால் எரிக்கப்பட்டது. சட்டம் செய்தவர் தில்லியில் நலமாக இருந்தனர். தாள் சுமந்தவள் வீடு எரிந்தது. அம்பை எய்தவனை விட்டு அம்பை நோவது வீரமாகாது. வந்தவரிடம் ‘இஃது எந்தச் சட்டத்தின்கீழ் எடுக்கும் கணக்கு? உங்கள் அடையாள அட்டை எங்கே?’ என்று கேட்பது குடியின் உரிமை. கேட்டறிந்தபின் அமர வைத்து விடை கூறுவது குடியின் கடமை.

இனி, தமிழர்க்கு எல்லாவற்றினும் இன்றியமையாத வினா ஒன்றுண்டு. அது தாய்மொழி பற்றிய வினா. பஞ்சாபியர் செய்த பிழையை நோக்குக. 1951-இல் அப்பகுதியின் பஞ்சாபி, இந்தி, உருது பேசுவோர் தனித்தனியே பிரிக்கப்படாமல் ஒன்றாகவே கூட்டப்பெற்றனர். 1961-இல், வீட்டில் பஞ்சாபி பேசிய மக்களுள் பெருந்தொகையினர் சமயப் பிணக்கால் தம் தாய்மொழி இந்தி என்று எழுதுவித்தனர். 1966-இல் அம்மாநிலத்தைப் பிரித்தபோது, எல்லை வகுத்த குழு 1961-ஆம் ஆண்டு மொழிக்கணக்கையே கருத்திற் கொள்ளுமாறு பணிக்கப்பெற்றது. வாயிலில் நின்று ஒருநொடியில் சொன்ன ஒரு சொல், ஊரையும் ஆற்றையும் பிரிக்கும் கோடாயிற்று. தமிழர் கதையோ வேறு. தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் தமிழரே மிகுதி என்பது கணக்கில் இருந்தும், 1955-இல் மாநிலச் சீரமைப்புக் குழு அவற்றைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவில்லை. எண்ணிக்கை இருந்தே இழந்தோம். எண்ணிக்கையும் இல்லையேல் வாய்திறந்து கேட்கவும் வழியில்லை.

2011-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் 6,90,26,881 பேர். இந்தியர் என்று காட்டப்பெற்றவர் 52 கோடியே 83 இலக்கம். ஆனால் அத்தொகைக்குள் போச்புரி பேசும் 5 கோடியே 5 இலக்கம் பேரும், இராசத்தானி பேசும் 2 கோடியே 58 இலக்கம் பேரும், இன்னும் ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிப்பெயர்களும் உள்ளடங்கிக் கிடக்கின்றன. தன் மொழி இந்தி என்றே கூறியவர் 32 கோடியே 22 இலக்கம் பேர்தாம். எஞ்சிய இருபது கோடி, தொகுத்தவரின் எழுதுகோல் ஈன்ற இந்தியர்! இம்மாயத்தை வெளிப்படுத்துவதும் அக்கணக்கெடுப்பின் அட்டவணையே அன்றோ? அதே கணக்கில் சமற்கிருதம் தாய்மொழி என்றோர் 24,821 பேர். 2017 முதல் மூன்றாண்டுகளில் நடுவணரசு அம்மொழிக்குச் செலவிட்டது 643.84 கோடி உரூபா என்றும், தமிழ் உள்ளிட்ட ஏனை ஐந்து செம்மொழிகட்கும் சேர்த்து 29 கோடி உரூபா என்றும் 2020-இல் நாடாளுமன்றத்தில் கூறப்பட்டபோது, அவ்வநீதியை நாட்டிற்கு உணர்த்த உதவியதும் இவ்வெண்ணிக்கைதான். குடிமதிப்பு இல்லையேல் தமிழன் கூக்குரல் வெறுங்கூக்குரலே.

‘எண்ணினால் நாடாளுமன்ற இருக்கைகள் குறையும், குடும்பக் கட்டுப்பாட்டைப் பின்பற்றிய தமிழ்நாட்டிற்கு அதுவே ஒறுப்பாகும்’ என்று கவலைப்படுவோர் உளர். கவலை முறையானதே. 1971-ஆம் ஆண்டு மக்கள்தொகையின் அடிப்படையில் இருக்கைகளை நிறுத்தி வைத்த அரசமைப்புத் திருத்தம், 2026-ஆம் ஆண்டிற்குப் பின்வரும் முதற் கணக்கெடுப்பு வரைதான் காப்பளிப்பது. அதற்கு மருந்து, சட்டத்தை மாற்றப் போராடுவதே, எண்ணப்பெறாமல் ஒளிவதன்று. ஒளிந்தால் இருக்கையும் குறையும், அரிசியும் குறையும், பள்ளியும் குறையும்.

2021-இல் நிகழ்ந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு, கொரோனாக் கொள்ளைநோயால் தடைப்பட்டுப் பின்னும் தள்ளிப்போயிற்று. 2027 மார்ச்சு 1-ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு அது நடைபெறும் என்று 2025 சூன் 16-இல் அறிவிக்கை வெளிவந்தது. சாதியும் அதில் கேட்கப்பெறும் என்பதால், தாய்மொழி வினா அவ்வாரவாரத்தில் அமுங்கிவிடக் கூடும். எனவே தமிழ்க்குடிகள் உள்ளத்திற் பதித்துக்கொள்ள வேண்டியவை நான்கு:

ஒன்று, வருபவரை வரவேற்று அமரச் செய்க, நீர் தருக, அவர் குலம் கேளற்க.

இரண்டு, வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் சொல்லுக. பச்சிளங்குழந்தையும் படுக்கையிலுள்ள மூதாட்டியும் விடுபடற்க. ‘மருமகள்’ என்று உறவைச் சொல்லி நிறுத்தாமல், அவள் பெயரைச் சொல்லுக.

மூன்று, தாய்மொழி தமிழ் என்பதைத் தெளிவாகச் சொல்லி, அவ்வாறே எழுதப்பெற்றதா என்று பார்த்தறிக. கணக்கெடுப்பாளர் கேளாமலே எழுத முற்பட்டாலும், செல்பேசி வழியே தாமே நிரப்பினாலும், அந்த ஒரு கட்டத்தில் கவனம் பிறழற்க. பிறமொழித் தாயின் மக்கள் தத்தம் மொழியைச் சொல்லுவது அவர்தம் பிறப்புரிமை. அதனை எவரும் தடுக்கற்க.

நான்கு, ஊர் இளைஞர் கணக்கெடுப்பாளருக்குத் துணை நின்று, சேரியும் வயற்குடிசையும் செங்கற்காளவாயும் விடுபடாமல் காட்டுக.

பெருமக்களே! அரசுகள் மாறும், ஏடு தாளாயிருந்தது செல்பேசியாகும். மாறாதது ஒன்று. வாயிலில் ஒருவர் நின்று, ‘உங்கள் தாய்மொழி என்ன?’ என்று கேட்கின்றார். உயர்ந்தோன் தாழ்ந்தோன் என்னும் வேற்றுமையின்றி, கோட்டையிலும் குடிசையிலும் ஒரே வினா. ஒவ்வொரு விடைக்கும் ஒரே எடை. அந்நொடியில் கறம்பக்குடியின் கூலியாளும் கல்வியாளனும் தமிழுக்கு ஒன்றென்னும் எண்ணையே தருகின்றனர். அவ்வொன்றைத் தர மறுப்பவன் தமிழுக்கு வேறெதனைத் தரப்போகின்றான்? குடி மதிக்கப்பெற வேண்டுமாயின், குடியை எண்ண வருவோரை முதலில் குடி மதிக்கட்டும்.