சொந்தச் சரக்கும் ஜாப் ஒர்க்கும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தொழிலைப் பத்தி வருஷா வருஷம் கேட்டாச்சு, வேற ஏதாவது பேசுங்க" என்று சங்கத்தார் சொன்னாங்க. சரிங்க, பாட்டைப் பற்றிப் பேசுகிறேன். ஆனால் பட்டறைக்காரன் பேச்சு, எங்கே சுற்றினாலும் பட்டறையில்தான் வந்து நிற்கும். பொறுத்தருள வேண்டும்.

புதுசா ஏதோ ஒன்றைச் செய்து நம்மைத் திரும்பிப் பார்க்க வைத்த ஒரு இசைக்குழு, கொஞ்ச வருஷத்தில் எல்லாரையும் போலப் பாட்டுப் போட ஆரம்பித்தால் ரசிகனுக்கு ஒரு வருத்தம் வருகிறது. அந்த வருத்தம் நியாயமானதுதானா? இதுதான் என் கேள்வி. இதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. ஹிப்ஹாப் தமிழா இருக்கிறார்கள்.

ஆதி கோவையில் வளர்ந்தவர். சத்தியமங்கலம் பண்ணாரி அம்மன் கல்லூரியில் பொறியியல் படித்தவர். ஜீவாவோடு சேர்ந்து அமைத்ததுதான் இந்த இரட்டையர் குழு. தமிழில் ராப் இவர்களால் பிறந்தது என்று சொல்ல முடியாது. மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006-இலேயே 'வல்லவன்' ஆல்பத்தில், இளையராஜாவின் 'மடை திறந்து' பாட்டை எடுத்து அதன்மேல் ராப் பாடி நம்ம ஊர் வரைக்கும் கலக்கினார்கள். ஆனால் அவர்கள் கடல் தாண்டி இருந்தவர்கள். 2011-இல் 'கிளப்புல மப்புல' யூடியூபில் பரவியபோது, பாடியவன் பக்கத்துக் கல்லூரிப் பையன். 2012-இல் 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம் வந்தது. அதில் கதாநாயகன் இல்லை, காட்சி இல்லை, இயக்குநர் இல்லை. மைக்கைப் பிடித்தவன் தனக்குத் தோன்றியதைத் தன் தமிழில் சொன்னான். விடுதி அறைகளில் அது எப்படி ஒலித்தது என்பது எங்க செட்டுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2013-இல் அனிருத் இசையில் 'எதிர்நீச்சல்', 'வணக்கம் சென்னை' படங்களில் குரல். 2015 பொங்கலுக்கு 'ஆம்பள', அதே வருஷம் 'தனி ஒருவன்', இரண்டுக்கும் இவர்களே இசை. 2017-இல் 'மீசைய முறுக்கு', ஆதியே இயக்கி நடித்தது. சினிமாவுக்கு வெளியே பாட ஆசைப்பட்ட ஒரு கோவை மாணவனின் கதையே ஒரு சினிமாவாகிவிட்டது! அதற்கப்புறம் வரிசையாக நாயகன் வேஷம். "பையன் மாறிட்டான்டா" என்று நண்பர்கள் அலுத்துக்கொண்டதும் அதற்கப்புறம்தான்.

இந்த அலுப்பில் இரண்டு வருத்தம் கலந்திருக்கிறது. ஒன்று, "நாம மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தோம், இப்ப ஊரே கேக்குது" என்பது. இதற்கு நான் மதிப்புக் கொடுக்கமாட்டேன். ஊர் கேட்கட்டுமே, நமக்கென்ன நஷ்டம்? 1966-இல் மான்செஸ்டரில் பாப் டிலன் மின்கிதாருடன் மேடையேறியபோது கூட்டத்திலிருந்து ஒருவர் "யூதாஸ்" என்று கத்தினார். காட்டிக்கொடுத்துவிட்டாய் என்று அர்த்தம். அன்று அவர்கள் பாடிய பாட்டுகளை உலகம் இன்றும் கேட்கிறது. மாற்றமெல்லாம் துரோகம் ஆகாதுங்க.

இரண்டாவது வருத்தம் வேறு. இனி அவன் பாட்டில் என்ன சொல்ல வேண்டும் என்பதை அவன் முடிவு செய்வதில்லை என்ற வருத்தம். இது கனமானது.

இதைப் பட்டறைப் பாஷையில் சொல்கிறேன். கணபதியிலும் பீளமேட்டிலும் எத்தனையோ லேத் பட்டறைகள் உண்டு. பெரும்பாலும் ஜாப் ஒர்க். டிராயிங் கம்பெனிக்காரன் கொடுப்பான். அளவும் அவனுடையது, டெலிவரி தேதியும் அவனுடையது. நாம் துல்லியமாகக் கடைந்து கொடுத்துக் கூலி வாங்குவோம். இதில் கேவலம் ஒன்றுமில்லை. அந்தக் கூலியில்தான் நம்மில் பலர் வீட்டில் அடுப்பு எரிந்தது, ஃபீஸ் கட்டியது. ஆனால் தன் மூளையில் உதித்த ஒரு பம்பையோ மோட்டாரையோ தன் பேர் போட்டு வெளியே அனுப்புவது வேறு. அது சொந்தச் சரக்கு.

சினிமாப் பாட்டு ஜாப் ஒர்க். கதை, காட்சி, நாயகன், ரிலீஸ் தேதி என்று டிராயிங் முன்பே வந்துவிடும். ஆல்பம் சொந்தச் சரக்கு. நல்லதோ கெட்டதோ அவனுடையது. 'கிளப்புல மப்புல' பெண்களுக்கு உபதேசம் செய்கிறது என்று அன்றைக்கே கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். பழைய பாட்டெல்லாம் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. சினிமாப் பாட்டில் தப்பு வந்தால், "காட்சி அப்படிங்க" என்று சொல்லிவிடலாம்.

சரி, ஏன் எல்லாரும் அங்கேயே போகிறார்கள்? நம்ம ஊரில் பாட்டுக்குக் கூலி கொடுக்கிற பெரிய ஆலை சினிமா ஒன்றுதான். இளையராஜாவே சினிமாவில் உச்சத்தில் இருந்துகொண்டுதான் 1986-இல் 'ஹவ் டு நேம் இட்', 1988-இல் 'நத்திங் பட் விண்ட்' தந்தார். ரஹ்மானின் 'வந்தே மாதரம்' 1997-இல், 'ரோஜா' வந்து ஐந்து வருஷம் கழித்துத்தான். இப்போது இணையம் வந்துவிட்டது, நிலைமை மாறிவிட்டது என்பீர்கள். 2021-இல் 'எஞ்சாய் எஞ்சாமி' உலகமெல்லாம் ஒலித்தது. அதிலிருந்து தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று 2024-இல் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகவே சொன்னார். அவ்வளவு பெரிய பாட்டுக்கே இதுதான் கதி என்றால், நேற்று மைக்கைப் பிடித்த பையன் என்ன செய்வான்?

நம் பங்கையும் பார்க்க வேண்டும். ஊர் நோம்பிக்கு லைட் மியூசிக் வைத்தால் சினிமாப் பாட்டுத்தான் கேட்கிறோம். கல்லூரி விழாவுக்கு விருந்தினர் கூப்பிட்டால் சினிமாவில் பேர் வாங்கியவரைத்தான் கூப்பிடுகிறோம். யூடியூபில் சும்மா கேட்டுவிட்டு, "மாறிட்டான்" என்கிறோம். ஆர்டர் கொடுக்காத ஊர், பட்டறைக்காரன் ஜாப் ஒர்க்குக்குப் போனான் என்று வருத்தப்பட்டு என்னங்க பிரயோசனம்?

அப்படியானால் விமர்சனமே கூடாதா? தாராளமாகச் செய்யலாம். எனக்கு ஒரு அளவுகோல் உண்டு. ஜாப் ஒர்க் எவ்வளவு வந்தாலும், நல்ல பட்டறைக்காரர் ஒரு மிஷினையாவது சொந்தச் சரக்குக்கு ஒதுக்கி வைப்பார். பாடுகிறவர் அப்படி வைத்திருக்கிறாரா? ஆதியின் அண்மைக் காலப் படப் பாட்டுகள் பலவற்றில் அந்தப் பழைய கூர்மை எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஜல்லிக்கட்டு மாடுகளுக்காக 2016-இல் வந்த 'டக்கரு டக்கரு', தமிழ் எழுத்தின் தொன்மையைத் தேடிய 2019-இன் 'தமிழி' ஆவணத் தொடர், 2020-இன் 'நான் ஒரு ஏலியன்' ஆல்பம், இவையெல்லாம் அவர் சினிமாவில் காலூன்றிய பிறகு வந்தவை. இசைத் தொழில்முனைவு பற்றி ஆராய்ந்து நம் பாரதியார் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் வாங்கியிருக்கிறார். ஒரு மிஷின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றே நான் கணக்கு வைக்கிறேன். அது நின்றுபோனால் அன்றைக்கு வருத்தப்படுவேன்.

மாணவத் தம்பி தங்கைகளே, இது பாட்டுக்கு மட்டும் சொன்னதில்லை. நாளைக்கு நீங்கள் எந்தக் கம்பெனியில் உட்கார்ந்தாலும் முக்கால்வாசி வேலை பிறர் கொடுத்த டிராயிங்தான். வெட்கப்படாமல், துல்லியமாகச் செய்யுங்கள். ஆனால் ஒரு மிஷினை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சந்திப்பில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மாணவர்கள் தாங்களே எழுதி, தாங்களே மெட்டமைத்த பாட்டு மட்டும். சினிமாப் பாட்டு வேண்டாம். பொன்னாடையோடு நிறுத்தாமல், கையில் சன்மானமும் கொடுங்கள். முதல் வருஷச் செலவை நானும் எங்க செட்டு நண்பர்களும் ஏற்றுக்கொள்கிறோம்.