காலி வீடு என்று சொல்லும் முன்

(பழைய மாணவர் மறுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிவில் படிச்சவன் வௌவாலைப் பத்தி என்ன பேசப்போறான் என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. இங்கிலாந்தில் பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பது என் பிழைப்பு. அங்கே வௌவாலின் தங்குமிடத்தைச் சிதைப்பது சட்டப்படி குற்றம். ஓட்டைப் பிரிக்கும் முன் பார்த்தே ஆகவேண்டும். அப்படி வந்த சிநேகம் இது.

அந்த ஊர் வீடுகளில் அதிகம் தங்குவது பிப்பிஸ்ட்ரெல் என்னும் குட்டி வௌவால். எடை ஏறத்தாழ 5 கிராம். சிறகை மடக்கினால் தீப்பெட்டிக்குள் அடங்கும். 2 சென்டிமீட்டர் இடுக்கு போதும், உள்ளே போய்விடும்.

நெடுங்காலம் இது ஒரே இனம் என்றுதான் நினைத்திருந்தார்கள். ஆனால் சில 45 கிலோஹெர்ட்ஸ் அளவிலும், சில 55 அளவிலும் கத்துகின்றன. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் காரெத் ஜோன்ஸ், சோஃபி வான் பாரிஸ் இருவரும் 1993இல் இதை எழுதி, 'இவை இரண்டு இனமோ?' என்று கேட்டார்கள். 1997இல் மரபணுச் சோதனை ஆமாம் என்றது. 45 வகை சாதாரண பிப்பிஸ்ட்ரெல், 55 வகை சொப்ரானோ.

நம் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ்தான் எல்லை. எலெக்ட்ரானிக்ஸ் தம்பிகள் படிக்கும் ஹெட்டரோடைன் தத்துவம் இங்கே கைகொடுக்கிறது. கருவியை 43இல் வைத்தால், 45இல் வரும் சத்தம் 2 கிலோஹெர்ட்ஸாகக் காதில் விழும். ரேடியோப் பெட்டியில் நடப்பதுதான்!

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோடை தொடங்கும்போது பெண் வௌவால்கள் பிரசவத்துக்கென்று வெதுவெதுப்பான ஓட்டடிக்கும் சுவரிடுக்குக்கும் வந்து சேர்கின்றன. ஜூன், ஜூலையில் ஆளுக்கொரு குட்டி. சாதாரண வகை சிறு கூட்டமாகச் சேரும், அடிக்கடி இடமும் மாற்றும். சொப்ரானோ ஆறு, ஏரி ஓரங்களை விரும்பும். ஒரே கூரையில் பல நூறாகக் கூடும். குட்டி பறக்கக் கற்றதும் கூட்டம் கலையும். இலையுதிர் காலத்தில் ஆண்கள் தனித்தனி இடம் பிடித்துப் பாடித் துணை தேடும். குளிர்காலத்தில் ஒன்றிரண்டாகப் பிரிந்து, கல்லிடுக்கிலும் மரப்பிளவிலும் உறங்கும்.

இப்போது ஜனவரியில் ஒருவர் ஏணி போட்டுப் பார்க்கிறார் என்று வையுங்கள். கூரை காலி. "ஒண்ணுமில்லை, அடைச்சுடுங்க" என்கிறார். மே மாதம் கர்ப்பத்தோடு திரும்பும் நானூறு தாய்களுக்கு வாசல் இல்லை. ஒரு தாய்க்கு வருஷத்துக்கு ஒரே குட்டி. அந்த நஷ்டம் சீக்கிரம் ஈடாகாது. அதனால்தான் வௌவால் இல்லாத மாதத்திலும் அந்த இடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

செய்யவேண்டியது பெரிய காரியமில்லை. கோடையில் அந்தியில் நின்று எண்ணவேண்டும், எந்த இனம் என்று கேட்கவேண்டும். பிரசவ காலம் தவிர்த்து வேலையை வைக்கவேண்டும். பழைய இடுக்கை அப்படியே விடவேண்டும். ஓட்டுக்கு அடியில் இப்போது போடுகிற நார்விரிப்பு வேண்டாம்; நகம் சிக்கி வௌவால் செத்துப்போகும். பழைய தார்விரிப்பே நல்லது. செலவு சொற்பம், முன்யோசனைதான் அதிகம்.

தம்பி தங்கைகளே, சோழமண்டலக் கரையின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய பிப்பிஸ்ட்ரெல் ஒன்று நம் நாட்டிலும் உண்டு. உங்கள் ஊர்ப் பழைய வீட்டிலும் மண்டபத்திலும் எந்த மாதம் எத்தனை வௌவால் வெளியே வருகிறது என்று ஒரு வருஷம் எண்ணிக் குறித்து வையுங்கள். நாளை அந்தக் கட்டடத்தில் கைவைக்கப் போகும் எஞ்சினியருக்கு அந்த நோட்டு வரைபடத்துக்குச் சமம்.