சங்கத்துக்கு ஒரு பொதுத் தோட்டம்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எத்தாளையில் நின்று தோட்டத்தைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். மணலிலே கிணறு தோண்டி மிளகாயும் வெங்காயமும் விளைக்கும் கைகள் இச்சபையில் நிறைய உண்டு. ஆயினும், 2022 ஆம் ஆண்டு புகட்டிய பாடம் மறவாதிருக்கும் பொருட்டே பேசத் துணிந்தோம்.

அவ்வாண்டு ஏப்பிரலில் நம் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதெனக் கைவிரித்தது. டீசலின்றி லொறிகள் நின்றன. செப்ரெம்பரில் கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டினும் 94.9 வீதம் ஏறியிருந்தது.

யூன் மாதத்தில் அமைச்சரவை, அரசாங்க ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்யட்டுமென்று, மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்க இணங்கிற்று. நோக்கம் நல்லதே. ஆனால் விடுமுறை ஒரு நாளிற் கிடைக்கும். மண் ஒரு நாளிற் பண்படுமோ? ஓர் அறையில் ஐவர் வாழும் நகரத்து ஏழைக்கு விதை ஊன்ற இடமேது? பசி மிகுந்தவனிடத்தே நிலம் இல்லை. ஆகவே, வேண்டியது பலர் கூடிப் பயிரிடும் பொதுத் தோட்டம்.

1991 இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின், எண்ணெயும் பசளையும் வராது தவித்த கியூபாவின் ஹவானா நகரத்தார், வெறும் வளவுகளிற் பாத்தி கட்டி, மக்கிய குப்பையை எருவாக்கிக் காய்கறி விளைத்தனர். அரிசிக்குப் பிறநாட்டை நம்பியிருக்கும் நிலை அதனால் நீங்கிவிடவில்லை. ஆயினும் கறிக்குக் காய் கிடைத்தது. தோட்டத்தை அந்த அளவுக்கு நம்புவதே அறிவு.

"எத்தாளை நகரமன்றே" எனலாம். பிறர் தோட்டத்திற் கூலிக்கு மிளகாய் ஆய்ந்து, மாலையில் அதே மிளகாயைக் கடையில் விலைக்கு வாங்கும் தாய்மார் நம்மூரில் இல்லையா? நிலமுள்ளோரும் பசளைப் பையையே நம்பியிருந்தோம். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டபோது திகைத்தோம்; நவம்பரில் தடை தளர்ந்தும் இழந்த போகம் மீளவில்லை. அளவின்றி இட்ட பசளையோ மணலூடே இறங்கி, கற்பிட்டிக் குடாநாட்டுக் கிணற்று நீரில் நைத்திரேற்றாகச் சேர்ந்திருக்கிறது என்று ஆய்வாளர் எழுதியுள்ளனர்.

பெரியோர்களே, மண்டபத்தின் பின்னே சும்மா கிடக்கும் வளவை எங்களிடம் தாருங்கள். மாட்டெருவும் தழையும் இட்டு மண்ணைப் பண்படுத்துவோம். மரவள்ளி, முருங்கை, பயற்றை, பொன்னாங்காணி நடுவோம். முறைவைத்து நீரிறைப்போம். நிலமில்லா வீட்டாரும் எங்களோடு வந்து பாத்தி கொத்தட்டும். விளைவு அவர்களுக்குப் பிச்சையாக அன்று, பங்காகச் சேரட்டும்.

"பிள்ளைகள் மூன்று நாள் கொத்திவிட்டு மண்வெட்டியை எறிந்துவிடுவர்" என்று நீங்கள் எண்ணுவது எமக்குத் தெரியும். ஒரு போகம் மட்டும் பாருங்கள். பாத்தி காய்ந்து கிடந்தால் வளவைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சம் வந்தபின் தேடும் மண்வெட்டியை இன்றே எடுப்போம் என்று கூறி அமைகின்றோம்.